மூன்றாவது பெடலின் சரித்திரம்

ஒரு காரின் குணத்தை நிர்ணயிப்பவர் அதைச் செய்யும் பொறியாளரா, அதை வாங்கும் மனிதரா என்ற கேள்வி, சாமானிய வண்டிகளின் விஷயத்தில் அதிகமாக எழுவதில்லை. ஏனெனில் குடும்பத்தோடு ஊருக்குப் போகவும் சாமான் ஏற்றவும் வாங்கப்படும் வண்டியில், விலையும் பெட்ரோல் செலவும் இருக்கைகளின் எண்ணிக்கையுமே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடுகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் அவசியத்தினால் வாங்கப்படுவதன்று. அதை வாங்க வருபவர், எந்த மாடல், எந்த என்ஜின், மூடிய கூரையா திறந்த கூரையா, காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடுவதா அல்லது அந்த வேலையை யந்திரத்திடமே ஒப்படைத்துவிடுவதா என்று ஒவ்வொன்றாக யோசித்து ஆர்டர் படிவத்தில் குறியிடும்போது, தம் சொந்த விருப்பத்தை மட்டுமே தெரிவிப்பதாக நினைக்கிறார். ஆனால் அத்தகைய ஆயிரக்கணக்கான குறிகள் ஒன்றுசேர்ந்து ஒரு ஸ்தாபனத்தின் போக்கையே திருப்பியதுண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த சுஃபன்ஹவுசன் பகுதியில் 1950 முதல் கார் செய்துவரும் போர்ஷே நிறுவனத்தின் சரித்திரம் இதற்குச் சிறந்த சாட்சி. அங்கே கிளட்ச் பெடலை எடுத்துவிட நிபுணர்கள் ஒரு தடவையன்று, பல தடவை முயன்றார்கள். அவர்களுடைய காரணங்கள் ஒவ்வொரு தடவையும் நியாயமானவையாகவே இருந்தன. ஆயினும் அந்தப் பெடல் இன்றும் இருக்கிறது. அது இருப்பதற்குக் காரணம் அதைக் கேட்டு வாங்கியவர்களே என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம்.

தொடக்கத்தில் தேர்ந்தெடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், 1944-இல், ஸ்டுட்கார்ட்டின்மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பு அலுவலகம் ஆஸ்திரியாவின் கரிந்தியா மாகாணத்திலுள்ள குமுண்ட் என்ற சிற்றூருக்கு இடம் மாறியது. அங்கே அவர் புதல்வர் ஃபெர்ரி போர்ஷேயும் சகாக்களும், கைக்குக் கிடைத்த ஃபோக்ஸ்வாகன் பாகங்களைக் கொண்டு செய்த 356 என்ற எண்ணுடைய முதல் கார் 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி சாலையில் ஓட அனுமதி பெற்றது. அதன்பின் அலுமினியத் தகட்டைக் கையாலேயே தட்டி வளைத்து உடல் அமைத்து, சுமார் 50 கார்களை அவ்வூரில் செய்தார்கள். இரும்புக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமாயிருந்த அந்நாளில், கார் கிடைத்ததே பெரும் பாக்கியமாயிருக்க, வர்ணத்தையும் ஆசனத்தையும் பற்றிப் பேரம் பேசுவதற்கு எவருக்கும் மனம் இருந்திராது.

அக்காலத்துக் கியர் பெட்டியும் ஃபோக்ஸ்வாகனிலிருந்து வந்ததே. அதில் ஸிங்க்ரோமெஷ் என்ற இசைவிப்பு அமைப்பு கிடையாது. கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தை ஓட்டுபவரே தம் செவியாலும் பாதத்தாலும் அளந்து, கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் ஆக்ஸிலேட்டரைச் சற்றே தட்டி, பல்லோடு பல் உரசாமல் பொருத்தவேண்டும். நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ என்று சொல்லும் அந்த வித்தை பழக்கத்தினால் மட்டுமே கைவரும். வராதவர்களுக்கு ஒவ்வொரு கியரும் ஒரு கரகரப்பான அவமானம். இந்தக் குறையைப் போக்கப் போர்ஷே நிபுணர்கள் கண்டுபிடித்த பிளவுபட்ட வளைய அமைப்பு 1952-இல் 356-இன் நான்கு கியர்களுக்கும் பொருத்தப்பட்டது. கியர் லீவரைத் தள்ளியவுடன் அவ்வளையம் முதலில் விரிந்து சக்கரத்தைத் தழுவி, இரண்டின் வேகமும் ஒன்றான பின்னரே பற்களைச் சேரவிடும். அந்த யோசனை மிக நேர்த்தியாய் அமைந்திருந்ததனால் வேறு பல கம்பெனிகளும் உரிமத்தொகை கொடுத்து அதை வாங்கிக்கொண்டன. சரித்திரத்தில் இதை நான் விசேஷமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் கியர் மாற்றும் வேலையையே மனிதனிடமிருந்து எடுத்துக்கொள்ள விரும்பிய அந்த ஸ்தாபனம், ஆரம்ப நாட்களில் அவ்வேலையைச் செய்வதில் மனிதனுக்கு இன்பம் பிறக்கும்படி செய்வதற்கே தன் அறிவைச் செலவிட்டது.

ஐம்பதுகளில் விருப்பத் தேர்வுகள் மெல்லப் பெருகின. 1,100 கன சென்டிமீட்டர் அளவுடைய 40 குதிரைசக்தி என்ஜினோடு தொடங்கிய 356, சில ஆண்டுகளுக்குள் 1,300, 1,500 என்று வளர்ந்தது. 1952 இறுதியில் 1,500 என்ஜினிலேயே 55 குதிரைசக்தி கொண்ட அமைதியான வகை ஒன்றும், 70 குதிரைசக்தி கொண்ட சூப்பர் வகை ஒன்றும் இருந்தன. முன்னது தினந்தோறும் அலுவலகம் செல்லவும் நீண்ட பிரயாணங்களுக்கும் ஏற்றது. பின்னது வாரக் கடைசியில் பந்தயத்தில் ஓட்ட ஆசைப்பட்டவர்களுக்கானது. மூடிய கூப்பே வேண்டுமா, துணிக்கூரை மடங்கும் கேப்ரியோலே வேண்டுமா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்துகொண்டது.

இச்சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்து விற்ற மாக்ஸ் ஹாஃப்மன் என்ற வியாபாரி, போர்ஷே கார்கள் தம் நாட்டில் விலை அதிகமாயிருப்பதாகவும், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களோடு போட்டியிட 3,000 டாலருக்குள் ஒரு மாடல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அதன் பலனாக 1954-இல் பிறந்ததே ஸ்பீட்ஸ்டர். கண்ணாடி ஏற்றி இறக்கும் கதவுகள் அதில் இல்லை. பக்கங்களில் பொருத்திக் கழற்றும் திரைகளே உண்டு. முன்கண்ணாடி தாழ்வானது, கழற்றக்கூடியது. கூரை என்ற பெயருக்கு ஒரு மெல்லிய துணி. என்ஜினின் சுழற்சியைக் காட்டும் மீட்டரும் குளிர்காலத்துக்கான ஹீட்டரும்கூடத் தனிக் காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள்கள். இவ்வளவையும் களைந்து 2,995 டாலருக்குக் கொடுத்த அந்தக் கார், பணம் மிச்சமாகிறது என்பதனால் மட்டும் விற்கவில்லை. எடை குறைந்ததனால் அது மற்ற 356-களைவிடத் துள்ளலாக ஓடியது. சனிக்கிழமை பட்டறையில் முன்கண்ணாடியைக் கழற்றிவைத்து, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் கலந்துகொண்டு, திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போகலாம் என்ற வசதி கலிபோர்னியாவின் இளைஞர்களைப் பெரிதும் கவர்ந்தது. நடிகர் ஜேம்ஸ் டீன் அவர்களுள் ஒருவர். இன்ன இன்ன வேண்டும் என்று சேர்ப்பதைப்போலவே, இன்ன இன்ன வேண்டாம் என்று விலக்குவதும் ஒரு தேர்வுதான் என்பதை அந்த ஸ்தாபனம் முதன்முதலாக இந்தக் காரிலேதான் கற்றது. அப்பாடத்தை அது பின்னர் பலமுறை மறந்ததும் நினைவுகூர்ந்ததுமே நாம் மேலே காணப்போவது.

356 ஓய்வு பெறுவதற்குள் 76 ஆயிரத்திற்கும் அதிகமாக உற்பத்தியாகியிருந்தது. அதன் இடத்தைப் பிடிக்க வந்த புதிய கார் 1963 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு வைக்கப்பட்டது. மூன்று இலக்கங்களின் நடுவில் பூஜ்யம் வைத்துப் பெயரிடும் உரிமை தன்னுடையது என்று பிரான்சின் பெஜோ கம்பெனி ஆட்சேபித்ததால், 82 கார்கள் செய்யப்பட்டபின் அது 911 ஆயிற்று. ஃபெர்ரியின் மூத்த மகன் ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் வரைந்த அந்த வடிவமும், பின்புறத்தில் தாழ்ந்து கிடந்த 2 லிட்டர், ஆறு சிலிண்டர், 130 குதிரைசக்தி என்ஜினும் இன்று உலகப் பிரசித்தம்; ஆகையால் அவற்றை விரித்துரைக்காமல், நம் விஷயத்திற்கு அணுக்கமான கியர் பெட்டியைப் பார்ப்போம். அதில் ஐந்து கியர்கள். முதல் கியர் இடப்புறம் பின்னால் தனித்து இருக்கும். இரண்டும் மூன்றும் ஒரு நேர்கோட்டிலும், நான்கும் ஐந்தும் அடுத்த நேர்கோட்டிலும் அமைந்திருக்கும். பந்தயத்தில் முதல் கியர் புறப்படும்போது ஒருமுறைதான் தேவை. அதன்பின் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவேதான் கை ஓயாமல் போய்வரும். எனவே அவ்விரண்டையும் நேருக்கு நேர் வைத்தார்கள். ஊருக்குள் நின்று நின்று போகிறவருக்கோ, ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அந்த மூலையைத் தேடிப்போகவேண்டிய சிரமம். 1972 மாடலில் வந்த 915 என்ற புதிய கியர் பெட்டியில் முதல் கியர் பழக்கமான இடத்திற்கு, இடப்புறம் முன்னால், வந்து சேர்ந்தது; தினசரி ஓட்டுபவர்களுடைய விருப்பம் பந்தயக்காரர்களுடைய விருப்பத்தை வென்ற தருணம் அது.

விலையில் 911-ஐ எட்டமுடியாதவர்களுக்காக 1965-இல் 912 வந்தது. உடல் அதே உடல். என்ஜின் மட்டும் பழைய 356-இன் வழிவந்த நான்கு சிலிண்டர், 90 குதிரைசக்தி. இதை வசதியற்றவனின் 911 என்று கருதுவது தவறு என்பது என் அபிப்பிராயம். பின்புறத்தில் எடை குறைந்ததனால் வளைவுகளில் அது பெரிய காரைவிடச் சமநிலையோடு திரும்பியது. 1969-க்குள் 30 ஆயிரத்திற்கும் மேற்பட்டவர்கள் அதை வாங்கினார்கள். மறுபுறம் 1966-இல் 160 குதிரைசக்தி கொண்ட 911 எஸ் வெளிவந்தது. அதை அடுத்து 110 குதிரைசக்தியோடு சிக்கனமான 911 டி சேர்ந்தது. கூரை விஷயத்தில், திறந்த கார்களின் பாதுகாப்பைப் பற்றி அமெரிக்காவில் எழுந்த கவலையை உத்தேசித்து, தலைக்குப் பின்னால் உறுதியான எஃகு வளைவொன்றும் அதன் முன்னே கழற்றக்கூடிய கூரையும் கொண்ட டார்கா என்ற வகை தோன்றியது. இவ்வாறு நான்கு ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே உடலின் மீது இத்தனை பெயர்களும் எழுத்துக்களும் குவிந்ததனால், ஒரு போர்ஷே வாங்குவது என்பதே ஒரு சிறு ஆராய்ச்சியாக மாறிவிட்டது.

அந்த ஆராய்ச்சிக்கு நடுவே 1967 இலையுதிர் காலத்தில் போர்ஷே ஒரு புதிய கேள்வியை வைத்தது. அதன் பெயர் ஸ்போர்ட்டோமேட்டிக். அமெரிக்காவில் கார் வாங்குபவர்களிற் பெரும்பாலோர் கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகளுக்குப் பழகியிருந்தார்கள். அந்தச் சந்தையிலேயே போர்ஷே தன் கார்களில் பெரும்பங்கை விற்றுவந்தது. எனினும் அந்நாளைய அமெரிக்க ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகள் கனமானவை, சக்தியை விழுங்குபவை, பெரிய என்ஜின்களுக்கென்றே அமைந்தவை. 2 லிட்டர் என்ஜினோடு அவற்றைப் பூட்டினால் காரின் உயிர்ப்பே போய்விடும். ஆகவே ஸ்டுட்கார்ட் நிபுணர்கள் நடுவழி ஒன்றைக் கண்டார்கள். கியர்களைத் தேர்ந்தெடுக்கும் கடமை ஓட்டுபவருடையதாகவே இருக்கும். கிளட்ச் மிதிக்கும் பெடல் மட்டும் இராது. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே, எண்ணெயின் சுழற்சியால் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஒன்றையும், அதை அடுத்துச் சாதாரணக் கிளட்ச் ஒன்றையும் வைத்தார்கள். கியர் லீவரின் தலையில் கை பட்டவுடன் உள்ளிருக்கும் சிறு மின்விசை மூடிக்கொள்ளும். என்ஜினின் உறிஞ்சு விசையால் இயங்கும் கருவி ஒன்று அந்தக் கணமே கிளட்சை விடுவிக்கும். கியரை மாற்றிக் கையை எடுத்தால் கிளட்ச் மறுபடி பற்றிக்கொள்ளும். நின்ற காரில் எந்தக் கியரில் வைத்திருந்தாலும் என்ஜின் அணையாது. டார்க் கன்வர்ட்டர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

யோசனை புத்திசாலித்தனமானது, கட்டுமானமும் பலவீனமானதன்று. இதை ஐயப்பட்டவர்களுக்குப் பதில் சொல்வதற்காக, 1967 ஆகஸ்டில் நியூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரம் இடைவிடாது நடந்த மராத்தான் டி லா ரூட் பந்தயத்துக்கு, இலேசான 911 ஆர் வண்டி ஒன்றில் ஸ்போர்ட்டோமேட்டிக்கைப் பூட்டி அனுப்பினார்கள். விக் எல்ஃபர்ட், ஹான்ஸ் ஹெர்மன், யோகன் நேயர்பாஷ் ஆகிய மூவரும் முறைவைத்து ஓட்டிய அந்தக் கார் முதலாவதாக வந்தது. மூன்றரை நாள் இரவு பகலாக மேடும் பள்ளமும் நூற்றுக்கு மேற்பட்ட வளைவுகளும் நிறைந்த பாதையில் உழைத்து வென்ற ஒரு கியர் பெட்டியைப் பற்றி, உறுதி போதாது என்று இனி எவரும் சொல்லமுடியாது.

அப்படியிருந்தும் வாங்குபவர்கள் அதைத் தழுவிக்கொள்ளவில்லை. காரணத்தைத் தேடினால் அது யந்திரத்தில் இல்லை, மனிதக் கையில் இருக்கிறது. கார் ஓட்டுபவர் பலருக்கு, ஓய்வான வேளைகளில் கையைக் கியர் லீவரின்மேல் வைத்திருப்பது வழக்கம். ஸ்போர்ட்டோமேட்டிக்கில் அப்படி வைத்த மாத்திரத்தில் கிளட்ச் விடுபட்டு, பிடிப்பற்ற என்ஜின் ஓலமிடும். முழு ஆட்டோமேட்டிக்கின் சௌகரியத்தை நாடியவருக்கு, இன்னும் தாமே கியர் போடவேண்டியிருக்கிறதே என்ற குறை; கியர் போடுவதிலேயே இன்பம் காண்பவருக்கு, இடது காலுக்கு வேலை இல்லையே என்ற ஏக்கம். இரு சாராருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்ததனால் இரு சாராரும் விலகி நின்றார்கள். கியர்கள் பின்னர் மூன்றாகக் குறைந்து, 1980-இல் அது பட்டியலிலிருந்தே மறைந்தது. இதைத் தோல்வி என்று எழுதிவிடும் சரித்திரக்காரர்களோடு நான் முற்றும் உடன்படவில்லை. முழங்கால் வலியாலோ ஊனத்தாலோ கிளட்ச் மிதிக்க இயலாதவர்கள் எத்தனையோ பேருக்கு, 911 ஓட்டும் பேற்றை அது ஒன்றே அந்நாளில் அளித்தது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் நிகழ்ந்தது. பந்தய விதிகளின்படி அங்கீகாரம் பெற 500 கார்கள் செய்து விற்கவேண்டியிருந்ததால், போர்ஷே 911 காரெரா ஆர்.எஸ். 2.7 என்ற மாடலை வெளியிட்டது. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, 210 குதிரைசக்தி, வேகத்தில் பின்புறம் தூக்கிவிடாமல் அழுத்திப் பிடிப்பதற்காக என்ஜின் மூடியின்மேல் வாத்து வால்போல் எழுந்த ஒரு வளைவு. இத்தனை கடினமான வண்டியில் 500-ஐ எவர் வாங்குவார் என்று விற்பனைப் பிரிவினர் கவலைப்பட்டார்கள்; அவர்கள் கவலை நவம்பர் முடிவதற்குள் தீர்ந்தது; மொத்தம் 1,580 கார்கள் செய்யவேண்டி வந்தது. வாங்குபவர் முன்னே இரண்டு தேர்வுகள் வைக்கப்பட்டன. எம் 471 என்ற குறியீட்டைக் கேட்டால் ஸ்போர்ட் வகை: பின்னிருக்கை, தரைவிரிப்பு, கடிகாரம், கைவைக்கும் மேடை ஆகியவை நீக்கப்பட்டு, எடை 960 கிலோவாகக் குறையும். எம் 472 என்றால் டூரிங் வகை: சாதாரண 911-இன் சௌகரியங்கள் அனைத்தும் உண்டு, எடை 1,075 கிலோ.

இங்கே இரண்டு விஷயங்களைச் சிந்திக்கவேண்டும். முதலாவது, பொருள்களை அகற்றிய ஸ்போர்ட் வகைக்கும் அடிப்படை விலைக்கு மேல் தனிக் கட்டணம் இருந்தது. இல்லாமையைப் பணம் கொடுத்து வாங்குவது உலக வழக்கத்திற்கு விரோதமாகத் தோன்றினாலும், ஸ்பீட்ஸ்டர் காலத்திலேயே வேரூன்றிய ரஸனை அது. இரண்டாவது, வாங்கியவர்களில் ஏறக்குறைய 1,300 பேர் டூரிங் வகையையே தேர்ந்தார்கள். ஸ்போர்ட் வகையைக் கேட்டவர் 200 பேர் மட்டுமே. அந்த 200 கார்களுக்கு இன்றைய சந்தையில் மற்றவற்றைவிடப் பன்மடங்கு விலை. ஆயினும், 1973-இல் அந்தக் காரில் மனைவியோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் போக நினைத்த ஒருவர் டூரிங் வகையை எடுத்தது சரியான முடிவே. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஏலக்கூடம் என்ன சொல்லும் என்று எண்ணிக் கார் வாங்குவது ஓட்டத் தெரிந்தவர்களின் வழியன்று.

எம் என்ற எழுத்தோடு வரும் இத்தகைய எண்கள்தாம் அந்தத் தொழிற்சாலையின் இரகசிய பாஷை. நடைமுறைப் பட்டியலில் அடங்காத விருப்பங்களையும் அவர்கள் நிறைவேற்றிக் கொடுத்ததுண்டு. தொழிலதிபர் ஆல்ஃப்ரீட் குருப் தம் 356-இன் பின்கண்ணாடிக்கு ஒரு துடைப்பான் கேட்டுப் பெற்றார். இசை நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் காராயன் 1974-இல் தமக்கென்று செய்துகொண்ட 911 டர்போவில் பின்னிருக்கைகள் இருந்த இடத்தில் பந்தயக் காருக்குரிய பாதுகாப்புக் கம்பிக்கூடு இருந்தது. இவ்வகை வேலைகளுக்கென்றே 1986-இல் எக்ஸ்க்ளூஸிவ் என்ற தனிப் பிரிவு ஏற்பட்டது.

அதே 1974-இல் பொதுமக்களுக்காக வந்த 911 டர்போ 260 குதிரைசக்தி உடையது. அதன் கியர் பெட்டியில் நான்கு கியர்களே இருந்தன. என்ஜினின் முறுக்குவிசையைத் தாங்கப் பல்சக்கரங்கள் அகலமாயிருக்கவேண்டும், அகலமான சக்கரங்களுக்கு அந்தப் பெட்டியில் நான்குக்கு மேல் இடமில்லை. சக்தி ஏராளமாயிருப்பதால் ஐந்தாவது வேண்டியதில்லை என்பது நிபுணர்களின் வாதம். டர்போ சுழன்று வேகம் பிடிக்கும்வரை காத்திருந்து, பிடித்தவுடன் பின்சக்கரங்கள் உதைக்கும் அந்தக் காரில் இன்னொரு கியர் இருந்திருக்கலாம் என்று ஓட்டியவர்கள் ஏங்கியது 1989 மாடலில்தான் நிறைவேறியது.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஸ்தாபனத்தின் தலைமையிலிருந்த எர்ன்ஸ்ட் ஃபூர்மன் சாமானியரல்லர். 356 காரெராவின் புகழ்பெற்ற நான்கு காம்ஷாஃப்ட் என்ஜினை அமைத்த மேதை அவரே. 911-இன் காலம் முடிந்துவிட்டது என்று அவர் கருதினார். அதன் வாரிசாக 1977-இல் வந்த 928-இல் எட்டு சிலிண்டர் என்ஜின் முன்னால் இருந்தது. கியர் பெட்டி பின் அச்சோடு சேர்ந்திருந்தது. மெர்சிடிஸ் ஆட்டோமேட்டிக்கை விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம். பலர் அதையே எடுத்தார்கள். ஐரோப்பாவின் அவ்வாண்டுச் சிறந்த கார் என்ற விருது 1978-இல் அதற்குக் கிடைத்தது. எல்லா வகையிலும் மேலான அந்தக் கார் வந்தபின்னும், வாடிக்கையாளர்கள் பழைய 911-ஐ விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1981-இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷூட்ஸ், ஹெல்முட் பாட் என்ற முதன்மைப் பொறியாளரின் அறைச் சுவரில் 911-இன் உற்பத்திக் கோடு அவ்வாண்டோடு நின்றுபோயிருந்த வரைபடத்தைக் கண்டு, பேனாவை எடுத்து அந்தக் கோட்டைத் தாளைத் தாண்டிச் சுவர்மேலும் இழுத்துச் சென்றதாகப் பின்னாளில் சொன்னார். கோட்டை இழுத்தது அவர் கையானாலும், இழுக்கவைத்தது கேட்டுக்கொண்டிருந்தவர்களே.

கிளட்ச் பெடலை அகற்றும் எண்ணம் இதற்கிடையில் உறங்கவில்லை. 1990 மாடல் 911 காரெரா 2-இல் டிப்ட்ரானிக் என்ற ஆட்டோமேட்டிக் வந்தது. அதன் லீவர் வழக்கமான பாதையில் இருந்தால் தானே கியர் மாற்றும். பக்கத்துப் பாதைக்குத் தள்ளிவிட்டால் முன்னால் தட்டக் கியர் ஏறும், பின்னால் தட்ட இறங்கும். ஸ்போர்ட்டோமேட்டிக்கைவிட இது நல்ல வரவேற்பைப் பெற்றது. ஆனால் தட்டியதற்கும் மாறியதற்கும் இடையே ஒரு தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தில்தான் ஸ்போர்ட்ஸ் காரின் ரஸிகர்கள் மனம் ஒன்றாமல் நின்றார்கள்.

அந்தத் தயக்கத்தை ஒழிக்கும் வித்தை உண்மையில் போர்ஷேயின் வீட்டிலேயே இருந்தது. இரண்டு கிளட்ச் வைத்த கியர் பெட்டி என்ற கருத்து, ஒருகாலத்தில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் கார்க் கொட்டகையை நிர்வகித்த பிரெஞ்சுக்காரரான அடால்ஃப் கெக்ரெஸ் 1939-இல் முன்வைத்தது. ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றிலும் இருக்கும். மூன்றாவது கியரில் கார் ஓடும்போதே நான்காவது பூட்டித் தயாராய் நிற்கும். ஒரு கிளட்ச் விடும் கணமே மற்றது பற்றும். இரட்டை நாயனத்தில் ஒருவர் மூச்சு முடியும் இடத்திலேயே மற்றவர் ஸ்வரத்தை ஏந்திக்கொள்ள, கேட்பவர் காதில் இடைவெளியே விழாததைப்போல, சக்தி அறுபடாமல் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். போர்ஷேயின் வைஸாக் ஆராய்ச்சிக் கூடத்தில் எண்பதுகளில் இதற்கு உயிர் கொடுத்து, பி.டி.கே. என்ற பெயரில் 956, 962 பந்தயக் கார்களில் பூட்டினார்கள். கனமாயிருந்தது, அடிக்கடி பழுதுபட்டது, ஆயினும் 1986-இல் மோன்ஸாவில் ஹான்ஸ் யோகிம் ஸ்டுக்கும் டெரெக் பெல்லும் அதைக் கொண்டு வென்றார்கள். இரு கிளட்சுகளையும் நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் இணங்கவைக்கும் மின்னணு மூளை அக்காலத்தில் முதிர்ந்திருக்கவில்லை; ஆகவே அது சாலைக்கு வர 2008 ஆயிற்று. அதற்குள் 2003-இலேயே ஃபோக்ஸ்வாகன் தன் கோல்ஃப் காரில் அதே தத்துவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

2008-இல் வந்த ஏழு கியர் பி.டி.கே., அதுவரை நடந்த விவாதத்தின் அடிப்படையையே மாற்றியது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, மேனுவல் கியர் பூட்டிய காரெராவுக்கு 4.9 விநாடி, பி.டி.கே. பூட்டியதற்கு 4.7 விநாடி. அதுவரை ஆட்டோமேட்டிக்கை எடுப்பவர் வேகத்தில் எதையாவது விட்டுக்கொடுக்கவேண்டும். இனி விட்டுக்கொடுப்பவர் மேனுவலை எடுப்பவரே. ஸ்டியரிங்கில் வைத்த பொத்தான்களைத் தள்ளினால் ஏறும், இழுத்தால் இறங்கும் என்ற முதல் ஏற்பாடு ஓட்டுபவர்களைக் குழப்பியது. அவர்கள் முறையிட்டபின் வலப்பக்கம் ஏற்றவும் இடப்பக்கம் இறக்கவும் தனித்தனித் துடுப்புகள் விருப்பப் பொருளாக வந்தன. மற்றபடி அதன் சிறப்பை மறுக்க எவராலும் முடியவில்லை. நகர நெரிசலில் இதம், மலைச் சாலையில் வேகம், எரிபொருளிலும் சிக்கனம். வாங்கியவர்களிற் பெரும்பாலோர் அதன் பக்கமே சாய்ந்தார்கள்.

இந்த வெற்றியின் உற்சாகத்தில் 2013-இல், பந்தயத்துக்கு மிக அணுக்கமான 911 ஜி.டி.3 மாடலைப் பி.டி.கே.யோடு மட்டுமே வெளியிட்டார்கள். பந்தயப் பாதையில் ஒரு சுற்றை முடிக்க எது குறைந்த நேரம் எடுக்கிறதோ அதுவே ஜி.டி.3-க்கு உரியது என்ற தர்க்கத்தில் குற்றம் காணமுடியாது. ஆனால் அந்தக் காரை வாங்குபவர்கள் கடிகாரத்துக்காக மட்டும் வாங்கவில்லை. வளைவை நெருங்கும்போது வலப்பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்தி, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரைத் தட்டி, இடக்காலால் கிளட்சை மிதித்து, கையால் ஒரு கியர் இறக்கி, இத்தனையும் ஒரே அசைவாக நிறைவேறும்போது உண்டாகும் ஆனந்தம் வேகத்தினால் அளக்கக்கூடியதன்று. அதைக் கேட்டு எழுந்த குரல்களுக்கு ஸ்தாபனம் அளித்த பதில் 2016-இல் வந்த 911 ஆர்: 500 குதிரைசக்தி, 1,370 கிலோ, ஆறு கியர் மேனுவல் மட்டுமே, மொத்தம் 991 கார்கள். அவை அனைத்தும் உடனே விற்றுப்போய், மறுவிற்பனையில் மூலவிலையைவிட மிக உயர்ந்த தொகைக்குக் கைமாறின. மறு ஆண்டே ஜி.டி.3-க்கு மேனுவல் கியர் திரும்பி வந்தது. அவ்வாண்டிலேயே, பெரிய பின்சிறகு இல்லாமல் மேனுவலோடு மட்டுமே கிடைக்கும் டூரிங் தொகுப்பும் அதனோடு சேர்ந்தது.

பத்தாண்டுகள் கழியுமுன் நிலைமை மீண்டும் மாறியிருக்கிறது. 2024-இல் மின்மோட்டாரின் துணையோடு வந்த காரெரா ஜி.டி.எஸ். பி.டி.கே.யோடு மட்டுமே கிடைக்கிறது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட புதிய காரெரா எஸ்-உம் அவ்வாறே. ஜி.டி.3-இல் இரண்டும் உண்டு. அறுபதுகளில் 110 குதிரைசக்தியோடு சிக்கனமான 911-ஐக் குறித்த டி என்ற எழுத்தைத் தாங்கிய காரெரா டி மட்டும், ஆறு கியர் மேனுவலைத் தவிர வேறொன்றையும் ஏற்பதில்லை. வால்நட் மரத்தில் கடைந்த தலையுடைய அதன் கியர் லீவர், முந்தைய மாடல்களில் இருந்ததைவிடக் குட்டையாக, விரைந்து மாறும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.